பழைய துப்பாக்கியும் புதிய துப்பாக்கியும்

துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருபது வருஷ காலமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதித்து வருகிறோம். சுண்ணாம்புக் கட்டியைக் காட்டிலும் பயங்கரமான ஆயுதம் எதையும் நம் கை ஏந்தியதில்லை. அதையும் மாணாக்கர் மீது எறிந்ததில்லை என்று சத்தியமாகச் சொல்லக்கூடும்.

சரித்திர ஆசிரியனுக்குத் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது வேட்டை அல்ல. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் நினைவுக்கு வரும். சொந்த நாட்டிலே இந்தியன் அநுமதிச் சீட்டின்றி ஆயுதம் வைத்திருப்பது குற்றம் என்றும், வெள்ளைக்காரனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை என்றும் வகுத்த ஏற்பாடு அது. அடுத்தபடியாக, 1919-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி அமிருதசரஸில் ஜாலியன்வாலா பாக் நினைவுக்கு வரும். சுமார் பத்து நிமிஷ நேரத்தில் 1,650 தோட்டாக்கள் தீர்ந்தன. அங்கே சுட்டவை தாழ்ப்பாள் போன்ற ஓர் உறுப்பைக் கையால் திறந்து மூடிச் சுடுகிற 'லீ-என்பீல்ட்' ரைபிள்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு மனிதன் தன் கையால் அந்தத் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளியிருக்கிறான். யந்திரம் தானாகச் செய்த காரியம் அல்ல அது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் மௌனமாகி விடுவார்கள்.

இப்படிப்பட்ட மனோபாவத்தோடு இருந்த நாம், ஒரு நாள் மாலை முழுவதும் அதே ஜாதித் துப்பாக்கிகளின் குணதோஷங்களைப் பற்றி இரண்டு வேட்டைக்காரர்கள் வாதாடுவதை வாய் மூடாமல் கேட்டுக் கொண்டிருந்தோம் என்றால், அது விதியின் விளையாட்டே அல்லவா?

நடந்தது இதுதான். சென்ற கோடை விடுமுறையில் நம் தம்பியைப் பார்ப்பதற்காக அமெரிக்கா சென்றிருந்தோம். அவன் உத்தியோகம் பார்ப்பது பென்ஸில்வேனியா மாகாணத்தின் மேற்குப் பகுதியில், அல்லெகெனி மலைத் தொடரை அடுத்த ஒரு சிற்றூரில். அந்தப் பிரதேசத்தில் மான் வேட்டை திருவிழாவுக்குச் சமானம். நவம்பர் மாதக் கடைசியில் நன்றி செலுத்தும் பண்டிகை முடிந்தவுடன் வேட்டைக் காலம் ஆரம்பமாகும். நெடுங்காலம் திங்கட்கிழமையில் தொடங்கி வந்தது. 2019 முதல் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பள்ளிக்கூடங்களை மூடிவிடுவது அங்கே வழக்கம் என்று கேள்விப்பட்டபோது, தீபாவளிக்கு மறுநாள் விடுமுறை கேட்டுத் தலைமையாசிரியர் முன் நின்ற நாட்கள் நம் ஞாபகத்துக்கு வந்தன.

தம்பியின் பக்கத்து வீட்டில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவரும், அவருடைய மகனும், மகன் வயிற்றுப் பேத்தியும் இருந்தார்கள். பேத்திக்குப் பதினான்கு வயது. அந்தப் பெண் வேட்டைக்கான பாடம் படித்துப் பரீட்சையில் தேறியிருந்தாள். பரீட்சை தேறினாலொழிய அங்கே புது வேட்டைக்காரருக்கு அநுமதிச் சீட்டு இல்லை. "பரவாயில்லையே, ஆசிரியர்களுக்கு மதிப்புள்ள தேசம்!" என்று நினைத்துக் கொண்டோம்.

"அண்ணா, இவர்கள் வீட்டில் ஒரு பெரிய வழக்கு நடக்கிறது. பேத்திக்குத் தாத்தாவின் துப்பாக்கியா, அப்பாவின் துப்பாக்கியா? நீங்கள் வந்து கேட்டால் மகாபாரதம் போல இருக்கும்" என்றான் தம்பி. போனோம்.

மேஜையின் மேல் இரண்டு ரைபிள்கள் கிடந்தன. பெரியவருடையது 1964-க்கு முன் செய்யப்பட்ட 'வின்செஸ்டர் 70'. கருநீலப் பளபளப்புள்ள குழல். வால்நட் மரத்துக் கட்டை. கைபடும் இடத்தில் உளி கொண்டு செதுக்கிய கட்டம் கட்டமான வேலைப்பாடு. மகனுடையது சமீப காலத்தது. துருவேறாத எஃகுக் குழல். செயற்கைப் பொருளால் வார்த்த சாம்பல் நிறக் கட்டை. பார்ப்பதற்கு அழகு என்று ஒன்றும் இல்லை. விலையோ, பழைய துப்பாக்கிக்கு இன்று கடையில் கேட்கும் விலையில் பாதிகூட இராது.

இரண்டும் தாழ்ப்பாள் துப்பாக்கிகளே. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை எப்படிக் கையாளுகிறோம்? பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்தால் கதவு திறக்கும். முன்னுக்குத் தள்ளி, பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக் கொள்ளும். அதே வித்தைதான் இங்கேயும். இழுக்கும்போது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே வந்து விழும். தள்ளும்போது கீழேயுள்ள பெட்டியிலிருந்து புதுத் தோட்டா ஒன்று மேலேறிக் குழலின் அறைக்குள் போய்ச் சேரும். மடக்கினால், தாழ்ப்பாளின் முனையிலுள்ள இரண்டு எஃகுக் காதுகள் பள்ளத்தில் பொருந்தி, வெடிமருந்தின் வேகத்தைத் தாங்கி நிற்கும்.

இந்த வித்தையைப் பரிபூரணமாக்கினவர் ஜெர்மனியில் ஓபெர்ன்டார்ப் என்ற ஊரில் 1838-இல் பிறந்த பால் மாஸர். துப்பாக்கித் தொழிலாளியின் பிள்ளை. அவர் வகுத்த அமைப்பை 1898-இல் ஜெர்மன் சேனை ஏற்றுக் கொண்டது. அதற்குப் பிறகு வந்த வேட்டை ரைபிள்களில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு விதத்தில் மாஸருக்குக் கடன்பட்டவை. அமெரிக்க அரசாங்கமே தன் 1903-ஆம் வருஷத்து ராணுவ ரைபிளுக்காக அவருடைய கம்பெனிக்கு 2 லட்சம் டாலர் காப்புரிமைப் பணம் கட்டியது. நம் நாட்டுக் குமாயூன் மலையில் மனிதரைத் தின்னும் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட்டுக்கு, 1907-இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காகப் பரிசாகக் கிடைத்த 'ரிக்பி' ரைபிளும் மாஸர் அமைப்புள்ளதே. அதே கார்பெட் பிற்காலத்தில் துப்பாக்கியைக் காட்டிலும் காமிராவையே பெரிதாகக் கருதினார் என்பதும் நினைக்கத் தக்கது.

மாஸர் செய்த ஒரு சிறு காரியந்தான் அன்றைய வழக்கின் மூலம். தாழ்ப்பாளின் பக்கத்தில் நீண்ட, அகன்ற எஃகு நகம் ஒன்று உண்டு. தோட்டா பெட்டியை விட்டு மேலேறுகிறபோதே அதன் அடிவிளிம்பு இந்த நகத்துக்குள் நுழைந்து விடும். அதன் பிறகு அது அறைக்குள் போகிறவரையில், போன பிறகும், நகத்தின் பிடியை விட்டு விலகாது. பாதி வழியில் திரும்ப இழுத்தாலும் கூடவே வந்துவிடும்.

மற்றொரு முறையில் இந்தப் பிடிமானம் இல்லை. தாழ்ப்பாள் தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளும். அது அறைக்குள் போய் விழும். தாழ்ப்பாள் முழுதும் மூடும் கடைசிக் கணத்தில்தான் சிறு கொக்கி ஒன்று தோட்டாவின் விளிம்பில் ஏறிப் பிடிக்கும். உபாத்தியாயர் பாஷையில் சொன்னால், முந்தியது பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவது. பிந்தியது, முதுகில் கை வைத்து வகுப்புக்குள் தள்ளிவிட்டு வாசலில் நிற்பது.

1936-இல் கனெக்டிகட் மாகாணத்து நியூ ஹேவன் நகரில் பிறந்த 'வின்செஸ்டர் 70' கைப்பிடித்து அழைத்துப் போகும் ஜாதி. 'அவுட்டோர் லைப்' பத்திரிகையின் ஆயுதப் பகுதி ஆசிரியர் ஜாக் ஓ'கானர் அதைப் போற்றி எழுதி எழுதி வேட்டைக்காரர் மனத்தில் சிம்மாசனம் போட்டு உட்கார வைத்து விட்டார். ஆனால் அந்த ரைபிளின் ஒவ்வோர் உறுப்பையும் தேர்ந்த தொழிலாளர் கடைந்தும் இழைத்தும் பொருத்த வேண்டியிருந்தது. யுத்தத்துக்குப் பின் கூலி ஏறிற்று. எதிர்க் கடையான 'ரெமிங்டன்' கம்பெனியோ 1948-லிருந்து உருளைக் கம்பியைக் கடைந்தே உடற்பகுதியைச் செய்து, தள்ளிவிடும் ஜாதி ரைபிள்களைக் குறைந்த விலைக்கு விற்றது. 1962-இல் 'ரெமிங்டன் 700' வந்தது. வின்செஸ்டருக்குப் பழைய முறை கட்டுப்படியாகவில்லை. 1964-இல் நகத்தை எடுத்து விட்டார்கள். கட்டையில் செதுக்குவதற்குப் பதிலாக அச்சை வைத்து அழுத்தினார்கள். தேசம் முழுவதும் வேட்டைக்காரர்கள் கூக்குரலிட்டார்கள். அன்று முதல் 'அறுபத்துநாலுக்கு முன்' என்பது அவர்கள் பாஷையில் 'கிறிஸ்துவுக்கு முன்' என்பதைப் போல ஒரு சகாப்தமாகி விட்டது. வரிசை எண் 7 லட்சத்துக்கு மேல் இருந்தால் புதியது என்று உதறி விடுவார்களாம்.

பெரியவர் இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது, மகன் சிரித்தார்.

"அப்பா ஒன்றைச் சொல்லாமல் விட்டு விட்டார், ஐயா. 1964-க்கு முந்திய கடைசிச் சில வருஷங்களில் செய்தவை அத்தனை சிறப்பானவை அல்ல. யந்திரங்கள் தேய்ந்து போயிருந்தன. 1992-இல் கம்பெனி தானே அந்த நகத்தைத் திரும்பவும் கொண்டு வந்தது. அப்படியும் 2006-இல் நியூ ஹேவன் தொழிற்சாலையை மூடினார்கள். 2008-இல் தெற்குக் கரோலினாவில் மறுபடியும் செய்யத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் பழையதுதான் வேண்டுமென்றால் அந்தத் தொழிற்சாலை ஏன் மூட வேண்டும்?"

பிறகு அவர் தம் துப்பாக்கியின் கட்சியை எடுத்துரைத்தார். மரக் கட்டை ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதனால் குழலின் மேல் அழுத்தம் மாறி, சென்ற வாரம் சரியாகச் சுட்ட துப்பாக்கி இந்த வாரம் விலகிச் சுடும். செயற்கைக் கட்டைக்கு மழையும் ஒன்று, பனியும் ஒன்று. தள்ளிவிடும் அமைப்பில் தாழ்ப்பாளின் முகம் தோட்டாவின் அடியை வளையம் போலச் சூழ்ந்திருக்கிறது. கூடு வெடித்தாலும் சுடுகிறவனுக்கு அதிகப் பாதுகாப்பு. எல்லாவற்றிற்கும் மேலாக, இக்காலத்து யந்திரங்கள் குழலைச் செய்யும் நேர்த்தியினால் விலை மலிந்த ரைபிள்கூட நூறு கஜத்தில் மூன்று குண்டுகளையும் ஓர் அங்குல வட்டத்துக்குள் போடுகிறது. தாத்தா காலத்தில் அப்படிச் சுடும் துப்பாக்கியைப் பற்றிக் கதை சொல்லுவார்கள்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு நம்மைப் பார்த்துச் சொன்னார்.

அவருக்கு இருபது வயது இருக்கும்போது, தள்ளிவிடும் ஜாதியில் புது ரைபிள் ஒன்று வாங்கினாராம். அது எந்தக் கம்பெனியார் செய்தது என்பது நமக்கு அநாவசியம். பனி பெய்து கொண்டிருந்த ஒரு மாலையில் கலைமான் ஒன்றைச் சுட்டார். குண்டு பின்பக்கமாகப் பட்டுவிட்டது. பதறிப் போய்த் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினார். அது முழுதும் மூடுவதற்குள் மான் நகரவே, இவரும் அறியாமல் மறுபடி இழுத்து விட்டார். முதல் தோட்டாவைக் கொக்கி இன்னும் பிடிக்கவில்லை. அது அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. தள்ளியபோது இரண்டாவது தோட்டா போய் அதன் பின்புறத்தில் இடித்து நின்றது. விறைத்த விரல்களால் அதை எடுத்துச் சரி செய்வதற்குள் மான் மரங்களுக்கிடையில் மறைந்து போயிற்று. பனியிலே இரத்தத் துளிகளைத் தொடர்ந்து, கண் தெரிகிற மட்டும் போனார். மறுநாள் விடிந்ததும் ஓர் ஓடைக் கரையில் கண்டுபிடித்தார். செத்துக் கிடந்தது.

"அதைச் சுற்றிலும் பனி உருகியிருந்தது, ஐயா. உடம்பின் சூட்டினால் உருகியது. இராத்திரி வெகு நேரம் உயிரோடு கிடந்திருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டுத்தான் இதைத் தேடி வாங்கினேன்."

மகன் குரலைத் தாழ்த்திக் கொண்டார். "அப்பா, இரண்டாவது தோட்டா சிக்கியது தவறுதான். ஆனால் முதல் குண்டு சரியான இடத்தில் பட்டிருந்தால் இரண்டாவது எதற்கு? என் துப்பாக்கி முதல் குண்டைத் தவற விடாது. அதுதான் நான் மானுக்குச் செய்யும் தர்மம்."

அப்பொழுதுதான் நமக்கு ஒன்று விளங்கிற்று. இவர்கள் இருவரும் வாதாடுவது இரும்பைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ அல்ல. கொல்லுவது என்று தீர்மானித்த பிராணியை வதைக்காமல் கொல்லுவது எப்படி என்பதே இருவருக்கும் கேள்வி. ஒருவர் இரண்டாவது தோட்டாவை நம்புகிறார். மற்றவர் முதல் தோட்டாவை நம்புகிறார். அவ்வளவுதான் பேதம்.

நாமும் ஒரு கதை சொன்னோம். நம் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் காலை, வாழைத் தோட்டத்து வாய்க்கால் ஓரம் ஒரு மிளா கிடந்தது. திருட்டு வேட்டைக்காரன் எவனோ நாட்டுத் துப்பாக்கியில் ரவையை அடைத்துச் சுட்டிருக்கிறான். முதுகிலும் தொடையிலும் புண், ஈக்கள். எழுந்திருக்க முடியவில்லை, சாகவும் இல்லை. செம்பில் தண்ணீர் கொண்டு போய் அதன் வாயருகில் ஊற்றினோம். நாக்கை நீட்டி நக்கிற்று. வனக் காவலர் வந்து சேருவதற்கு மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் அது இறந்து போயிற்று. அதன் கண்ணை இன்றைக்கும் நம்மால் மறக்க முடியவில்லை. நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்து விட்டது. தடுத்தது சரியே என்று நாம் கருதுவதற்கு அந்த மிளா ஒரு காரணம்.

இதைக் கேட்ட பெரியவர், "அந்தக் கண்ணை நானும் பார்த்திருக்கிறேன்" என்று மாத்திரம் சொன்னார்.

அவர்கள் நாட்டு நிலைமை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன் வரைமுறையற்ற வேட்டையினால் அங்கே மான்கள் அருகிப் போயின. பிறகு சட்டங்கள் வந்தன. 1937-இல் இயற்றிய சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் நூற்றுக்குப் பதினொன்று வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்லுகிறது. இன்று மான்கள் கோடிக்கணக்கில் பெருகி, இளங்கன்றுகளைத் தின்று காட்டையே அழிக்கின்றன. அவற்றைத் தின்னும் ஓநாய்களை முன்னோர்கள் அந்தப் பக்கத்தில் பூண்டோடு ஒழித்து விட்டார்கள். நம் மனம் இதற்கெல்லாம் முழுதும் சம்மதித்தது என்று சொல்ல மாட்டோம். ஆயினும் கேட்டுக் கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து வழக்கைத் தீர்ப்பதற்கு ஊருக்கு வெளியே உள்ள சுடும் திடலுக்குப் போனார்கள். நம்மையும் சாட்சிக்கு அழைத்துப் போனார்கள். காதுக்கு மூடி கொடுத்தார்கள். நூறு கஜ தூரத்தில் காகித இலக்கு. மகன் தம் துப்பாக்கியால் மூன்று முறை சுட்டார். மூன்று துளைகளையும் நம் ஊர் ஒற்றை ரூபாய் நாணயத்தால் மறைத்து விடலாம். பழைய துப்பாக்கியால் அவரே சுட்டபோது ஓர் எலுமிச்சம்பழம் வேண்டியிருந்தது. அப்புறம் பெரியவர் உட்கார்ந்தார். தம் துப்பாக்கியால் மூன்று. துளைகள் ஒரு தேங்காய் மூடி அகலத்துக்குச் சிதறியிருந்தன. மகன் ஒன்றும் பேசாமல் தம் துப்பாக்கியை நீட்டினார். அதிலும் மூன்று. அதே தேங்காய் மூடி.

நமக்குச் சங்கடமாயிருந்தது. பரீட்சைத் தாளில் நல்ல மாணாக்கன் ஒருவன் தவறி விட்டதைக் காணும்போது உண்டாகும் சங்கடம். பெரியவர் காகிதத்தைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"துப்பாக்கி இரண்டின் மேலும் குற்றமில்லை" என்றார். "இந்தக் கண்ணை வைத்துக் கொண்டு இவ்வருஷம் நான் மலைக்குப் போகக் கூடாது."

யாரும் அவரைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லுவதற்கு மகனுக்கு மனமும் வந்திராது. அறுபது வருஷத்து வழக்கத்தை அவர் தாமே அந்தக் காகிதத்தைப் பார்த்து முடித்துக் கொண்டார். பழைய ரைபிளைப் பேத்தியின் கையில் கொடுத்தார். மகன் எதிர்வாதம் செய்யவில்லை. எலுமிச்சம்பழ அளவு மானுக்குப் போதும் என்று அவருக்கும் தெரியும். மரக் கட்டை ஈரத்தில் ஊதாமலிருக்க, அதன் உட்புறத்தில் மெழுகு பூசுவது எப்படி என்று பேத்திக்குக் கற்பித்தது அவரே.

நாம் ஊர் திரும்பி, அரைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கொண்டிருந்த டிசம்பர் மாதத்தில் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. பேத்தி தகப்பனாரோடு மலைக்குப் போயிருந்தாளாம். சட்டப்படி தலையிலும் மார்பிலும் முதுகிலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடை. பொழுது சாயும் வேளையில் கலைமான் ஒன்று தென்பட்டது. துப்பாக்கியை உயர்த்திக் குறி பார்த்தாள். மானின் தோளுக்கு முன்னே குறுக்காக ஒரு கிளை. வெளிச்சமும் மங்கி விட்டது. ஒரு நிமிஷ நேரம் பார்த்துக் கொண்டேயிருந்தாள். விசையை அவள் அழுத்தவில்லை. மான் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சொன்னபோது, கிழவர் அவளைத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் இந்தச் சுடாத மானின் கதையைச் சொன்னாராம். தாம் சுட்ட எந்த மானைப் பற்றியும் அவர் அவ்வளவு பெருமையாகச் சொல்லித் தம்பி கேட்டதில்லை.

பழையது சிறந்ததா, புதியது சிறந்ததா என்ற வழக்கில் நாம் தீர்ப்புக் கூறத் தகுதியுள்ளவர் அல்லர். ஆனால் அந்த மாலையில் நடந்த கடைசிக் காரியத்தைத் தம்பி எழுதியிருந்த விதத்திலேயே நேயர்களுக்குச் சொல்லி விடுகிறோம். மான் மறைந்த பிறகு அந்தப் பெண் தாழ்ப்பாளை மெல்லத் திறந்து இழுத்தாள். எஃகு நகம், தான் உள்ளே அழைத்துப் போன தோட்டாவை விடாமல் பற்றியபடி வெளியே கொண்டு வந்தது. அவள் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக் கொண்டு, தகப்பனாரோடு மலையை விட்டு இறங்கினாள்.